இதயத் தசை முளைக்கவில்லை

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பப்படுகிறவரின் கையில் ஓர் எக்கோ அறிக்கை இருக்கும். மருத்துவச் சொற்கள் அடர்ந்த அந்தத் தாளில் வீட்டார் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான். "பம்பிங் எவ்வளவு இருக்கு?" நல்ல இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதத்தை வெளியே தள்ளும். தாளில் 30 என்று இருந்தால் குடும்பமே இடிந்துபோகிறது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளியை அனுப்புகிறார். ஸ்டெம் செல் போட்டால் பம்பிங் ஏறிவிடும் என்கிறது அது.

படித்தவர்களிடமும் இன்று ஊறிப்போயிருக்கும் கருத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: இதயத் தசை செத்தால் செத்ததுதான் என்பது பழைய மருத்துவம், எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த ஸ்டெம் செல்லைச் செலுத்தினால் தசை மறுபடி வளரும், நம் உடம்பிலிருந்தே எடுப்பதால் கெடுதல் எதுவும் வராது, ஸ்டென்ட் வியாபாரம் படுத்துவிடும் என்பதால் பெரிய மருத்துவமனைகள் இதை மூடி மறைக்கின்றன. இந்த நான்குமே தவறு. ஆனால் 'போலி வைத்தியம்' என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. இந்த நம்பிக்கை பிறந்த இடம் உலகின் முதல்தர அறிவியல் இதழ் ஒன்று. எனவே மறுப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

2001 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் இருந்த பியரோ அன்வெர்சாவின் குழு, சுண்டெலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கி, எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்த ஒருவகைச் செல்களை இதயத்தில் ஊசி மூலம் செலுத்தியது. ஒன்பதே நாளில், பாதிக்கப்பட்ட பகுதியின் 68 சதவீத இடத்தில் புதிய இதயத் தசை உருவாகிவிட்டது என்று அறிவித்தது. உலகம் வாய்பிளந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் போடோ ஸ்ட்ராவர் என்ற இதய நோய் வல்லுநர், மாரடைப்பு வந்த ஒருவருக்கு அவருடைய மஜ்ஜைச் செல்களையே இதயத் தமனி வழியாகச் செலுத்திவிட்டார். எலியில் கண்டது உண்மைதானா என்று வேறொரு ஆய்வகம் சரிபார்ப்பதற்கு முன்பே சிகிச்சை மனிதருக்குப் போய்விட்டது.

சரிபார்த்தபோது என்ன நடந்தது? 2004இல் அதே 'நேச்சர்' இதழில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் மரி குழுவும் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த குழுவும் தனித்தனியே முடிவுகளை வெளியிட்டன. மரி குழு செய்த காரியம் எளிமையானது, ஆனால் தப்ப முடியாதது. இதயத் தசையாக மாறினால் மட்டும் நிறம் காட்டும்படி மஜ்ஜைச் செல்களில் முன்கூட்டியே மரபணுக் குறி வைத்துவிட்டுச் செலுத்தினார்கள். நிறம் வரவில்லை. இரத்தம் உண்டாக்கும் செல்கள் இதயத்துக்குள் போனாலும் இரத்தச் செல்களாகவே இருந்தன. முதல் கட்டுரை சொன்ன புதிய தசை எங்கும் இல்லை.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மஜ்ஜையில் இல்லாவிட்டால் என்ன, இதயத்துக்குள்ளேயே தனி ஸ்டெம் செல் இருக்கிறது என்று அன்வெர்சா குழு அடுத்த கொள்கையை முன்வைத்தது. அதை வைத்து நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2011இல் 'லான்செட்' இதழில் வெற்றிச் செய்தியாக வந்தது. 2014இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி மோல்கென்டினின் குழு எலிகளில் அந்தச் செல்களின் வம்சாவளியைப் பின்தொடர்ந்து பார்த்தது. அவை உருவாக்கிய புதிய இதயத் தசை, இல்லை என்று சொல்லும் அளவுக்கே இருந்தது. 2017இல், பொய்யான தரவுகளைக் காட்டி அரசின் ஆராய்ச்சி நிதியைப் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, அன்வெர்சாவின் ஆய்வகம் பின்னாளில் இயங்கிய பிரிகாம் மருத்துவமனை அமெரிக்க அரசுக்கு 1 கோடி டாலர் செலுத்தியது. 2018 அக்டோபரில் அந்த ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பிரிகாமும் இதழ்களுக்கு எழுதின. 'லான்செட்' கட்டுரை 2019இல் திரும்பப் பெறப்பட்டது. காணொளிகளில் இன்றும் சுற்றிவரும் 'இதயம் தன்னைத்தானே புதுப்பிக்கும்' என்ற வசனத்தின் மூலம் இதுதான்.

அப்படியானால் இதயத் தசை புதுப்பிக்கவே படாதா? படும், ஆனால் எவ்வளவு என்பதில்தான் விஷயம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு இதற்கு அருமையான வழியொன்றைக் கண்டுபிடித்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. 1963இன் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்லக் குறைந்தது. எந்தக் காலத்தில் ஒரு செல் பிறந்ததோ அந்தக் காலத்துக் கார்பன் அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்திருக்கும். அதைக் கொண்டு இதயத் தசைச் செல்களின் வயதைக் கணித்தார்கள். 2009இல் வந்த விடை: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்களே புதிதாகின்றன, 75 வயதில் அது 0.45 சதவீதம். ஒரு பெரிய மாரடைப்பு சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட நூறு கோடித் தசைச் செல்களைக் கொன்றுவிடக்கூடும். இந்த வேகத்தில் அந்த நட்டத்தை ஈடுகட்டுவது நடக்காத காரியம். வரிக்குதிரை மீன் வெட்டப்பட்ட இதயத்தை வளர்த்துக்கொள்ளும். பிறந்து சில நாளே ஆன சுண்டெலியும் வளர்த்துக்கொள்ளும்; ஒரு வாரம் போனால் அதற்கும் முடியாது. நம் இதயம் காயம்பட்ட இடத்தில் தழும்பைத்தான் போடுகிறது.

இங்கே வழக்கமான எதிர்வாதம் ஒன்று வரும். "எலியை விடுங்கள், எங்களுக்குத் தெரிந்தவருக்கு ஸ்டெம் செல் போட்டார்கள், பம்பிங் 30லிருந்து 40 ஆனது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

ஆகியிருக்கும். நான் மறுக்கவில்லை. ஸ்டெம் செல் போடாதவருக்கும் ஆகியிருக்கும் என்பதுதான் என் பதில். மாரடைப்பின்போது தசையில் ஒரு பகுதி சாகிறது; அதைச் சுற்றியுள்ள இன்னொரு பகுதி சாகாமல், அதிர்ச்சியில் வேலை நிறுத்தம் செய்கிறது. அடைப்பை நீக்கி ரத்தம் ஓடத் தொடங்கியதும் அந்தப் பகுதி சில வாரங்களில் தானாக வேலைக்குத் திரும்பும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 204 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், மஜ்ஜைச் செல் பெற்றவர்களின் பம்பிங் 5.5 புள்ளிகள் உயர்ந்தது. செல் இல்லாத வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் 3 புள்ளிகள் உயர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டாவது குழு இல்லாவிட்டால் முழு உயர்வும் ஸ்டெம் செல்லின் கணக்கில்தான் சேரும். கட்டணம் வாங்கிச் செல் செலுத்தும் கிளினிக்குகளில் அந்த இரண்டாவது குழு கிடையாது.

பம்பிங் என்ற எண்ணையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். எக்கோ எடுப்பவர் திரையில் துடிக்கும் இதயத்தை ஒரு கட்டத்தில் நிறுத்துகிறார். சாம்பல் நிறப் புள்ளிகளுக்கு நடுவே கீழறையின் உட்சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணால் கணித்து, கர்சரால் கோடு இழுக்கிறார். சுருங்கிய நிலையில் ஒரு கோடு, விரிந்த நிலையில் ஒரு கோடு. கருவி இரண்டையும் கழித்துச் சதவீதம் சொல்கிறது. கோடு ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே போனால் எண் மாறும். அதே நோயாளியை அதே நாளில் இருவர் பார்த்தால் ஐந்து புள்ளி வித்தியாசம் வருவது சாதாரணம். சிகிச்சை பெற்றவர் யார் என்று தெரிந்துகொண்டு கோடு இழுப்பவரின் கை, நல்லெண்ணத்தோடுகூட, நம்பிக்கையின் பக்கம் சாயும். அதனால்தான் சிகிச்சை பெற்றவர் யார் என்று அளப்பவருக்கே தெரியாதபடி அளக்க வேண்டும் என்கிறது ஆராய்ச்சி நெறி.

அந்த நெறி தளர்ந்த இடங்களில் என்ன நடந்தது என்பதை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டேரல் ஃபிரான்சிஸ் குழு 2014இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிப்படுத்தியது. மஜ்ஜைச் செல் சிகிச்சை பற்றிய 49 ஆய்வுகளின் 133 அறிக்கைகளை வரிவரியாகப் படித்து, ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களை எண்ணினார்கள். கூட்டினால் வராத கூட்டல், அந்த எண்ணிக்கை நோயாளிகளிடம் வரவே முடியாத சதவீதம் என 604 முரண்பாடுகள். எந்த ஆய்வில் பிழை அதிகமோ அந்த ஆய்வில்தான் பம்பிங் உயர்வும் அதிகம். முப்பதுக்கு மேல் முரண்பாடுகள் இருந்த ஆய்வுகளில் சராசரி உயர்வு 7.7 புள்ளிகள். ஒரு முரண்பாடும் இல்லாத ஆய்வுகளில் உயர்வே இல்லை, 0.4 புள்ளி குறைந்திருந்தது. டுசல்டார்ஃப் குழுவின் கட்டுரைகளிலும் இருநூறுக்கு மேற்பட்ட முரண்பாடுகளை ஃபிரான்சிஸ் அதற்கு முந்தைய ஆண்டே அம்பலப்படுத்தியிருந்தார். நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்தது கவனக்குறைவும் அதைவிட மோசமானதும்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கவனமாக நடந்த ஆய்வுகள் என்ன சொல்லின? ஆஸ்லோவில் 100 பேரிடம் நடந்த ஆய்வு, 2006: பயன் இல்லை. ஜெர்மனியின் ஹனோவர் நகர ஆய்வில் ஆறு மாதத்தில் தெரிந்த வித்தியாசம் பதினெட்டாவது மாதத்தில் கரைந்துபோனது. அமெரிக்க அரசு நிதியில் நடந்த இரண்டு ஆய்வுகள், 2011, 2012: பயன் இல்லை. இந்தியாவிலும் பல மருத்துவமனைகள் சேர்ந்து 250 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 41 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 2,732 பேர். இறப்பு குறையவில்லை, அடுத்த மாரடைப்பு குறையவில்லை.

செல்கள் ஏன் பயன் தரவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. தமனி வழியாகச் செலுத்திய மஜ்ஜைச் செல்களுக்கு அடையாளமிட்டுப் படமெடுத்தபோது, சேதமான பகுதியில் தங்கியவை வெறும் 1.3 முதல் 2.6 சதவீதம். மற்றவற்றில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேர்ந்திருந்தது. இதயத்துக்கென்று பணம் கட்டிச் செலுத்திய செல்லில் நூற்றுக்கு மூன்றுகூட இதயத்தில் இல்லை என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. செல்கள் தசையாக மாறாவிட்டாலும் நல்ல சுரப்புகளை வெளியிட்டுத் தசையைத் தேற்றுகின்றன என்று சிலர் இப்போது பேச்சை மாற்றுகிறார்கள். 2020இல் மோல்கென்டின் குழு எலிகளிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வு அதற்கும் சங்கடம் தருகிறது. உயிருள்ள செல், செத்த செல், செல்லே இல்லாமல் அழற்சியைத் தூண்டும் ஒரு வேதிப்பொருள், மூன்றும் ஒரே அளவு பலன் கொடுத்தன. உள்ளே போன பொருளுக்கு உடம்பின் எதிர்ப்பு மண்டலம் காட்டிய வினைதான் அந்தப் பலன். அப்படியென்றால் 'ஸ்டெம் செல்' என்ற பெயருக்கு எதற்கு விலை?

அடுத்து, "நம்ம செல்தானே, கெடுதல் என்ன வரப்போகிறது" என்ற சமாதானம். பாரிசில் ஃபிலிப் மெனாஷே தொடையிலிருந்து எடுத்த தசைச் செல்களை இதயத்தில் செலுத்திப் பார்த்தவர். சொந்தச் செல்தான். ஆனால் அவை இதயத் தசையோடு மின்சாரத் தொடர்பு கொள்ளாமல் தனித் தீவாக நின்று, துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் ஆபத்து தெரிந்தது. அதனால் 2008இல் வெளியான அவருடைய பெரிய ஆய்வில் பங்கேற்ற எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியைப் பொருத்திய பிறகே செல் போட வேண்டியிருந்தது. முடிவில் பம்பிங்கும் ஏறவில்லை. இதயத்துக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு: ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் தங்கள் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்ததை 2017இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பதிவுசெய்தது. சொந்தச் செல் என்பது பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது.

மூடி மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கேட்கக் காரமாக இருக்கிறது. ஆனால் நடந்தது நேர்மாறு. ஐரோப்பிய ஒன்றியம் தன் செலவில் 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. கேள்வி நேரடியானது: மஜ்ஜைச் செல் போட்டவர்கள் அதிக காலம் வாழ்கிறார்களா? 375 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. 2020இல் வந்த முடிவு: இரண்டு ஆண்டில் இறந்தவர்கள் செல் குழுவில் 3.26 சதவீதம், மற்றதில் 3.82 சதவீதம். எந்த முடிவுக்கும் வர இந்த வேறுபாடு போதாது. ஆனால் அந்த இரண்டாவது எண்ணை இன்னொரு முறை பாருங்கள். செல் போடாதவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பிழைத்திருக்கிறார்கள். உடனடி ஆஞ்சியோபிளாஸ்டியும் சாதாரண மாத்திரைகளும் செய்த வேலை அது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் ஸ்டெம் செல்லை வைத்து ஒரு ஆஸ்திரேலிய நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு 2023இல் வெளியானது, 565 பேர். அதன் முதன்மை இலக்கு நிறைவேறவில்லை. பக்கவாதமும் மாரடைப்பும் குறைந்ததாக ஒரு துணை முடிவு வந்தது. துணை முடிவு அடுத்த ஆய்வுக்குக் காரணம் ஆகலாம்; ரசீது போடுவதற்குக் காரணம் ஆகாது. ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்திலேயே இதயத் தசையை வளர்த்துத் தகடாகப் பொருத்தும் முயற்சி ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. 2020இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு 2025இல் குரங்குகளிடமும் ஒரு நோயாளியிடமும் தகட்டுத் தசை உயிரோடு ஒட்டியிருந்ததைக் காட்டியது. இது மெய்யான அறிவியல். ஆனால் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து, தாளம் தப்பும் ஆபத்து, நீண்டகால விளைவு எல்லாம் இன்னும் சோதிக்கப்படும் நிலையில் உள்ளன. மஜ்ஜையை உறிஞ்சி அரை மணி நேரத்தில் திரும்பச் செலுத்தும் கிளினிக் செய்வது இதுவல்ல. அந்த ஆராய்ச்சியின் புகைப்படத்தைக் காட்டி இந்த ஊசியை விற்பது ஏமாற்று.

கடைசியாக வருவது, "போனால் பணம்தானே, முயன்று பார்ப்பதில் என்ன நட்டம்?" என்ற வாதம். போவது பணம் மட்டுமல்ல. இந்த ஊசியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த மாத்திரைகளின் தகுதியைப் பாருங்கள். 1988இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் மாரடைப்பு என்று சேர்க்கப்பட்ட 17,187 பேர் பங்கேற்றார்கள். தினம் ஒரு ஆஸ்பிரின் மாத்திரை ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் இறப்பைச் சுமார் 23 சதவீதம் குறைத்தது. சில காசுக்குக் கிடைக்கும் மாத்திரை இவ்வளவு பெரிய தேர்வில் தேறியிருக்கிறது. லட்சங்களில் விலை சொல்லும் ஊசி கால் நூற்றாண்டாகத் தேறவில்லை.

நிரூபணமான சிகிச்சை உயிர் காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கண்முன் சான்று உண்டு. சிறு மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் 108 ஆம்புலன்சையும் ஒரே வலையாகக் கோத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய திட்டத்தின் முடிவு 2017இல் வந்தது. ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகள் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இதயத் தசையைக் காப்பாற்றும் வேலை நடக்கிற இடம் இதுதான். சாகாமல் தடுத்த தசையே நமக்குக் கிடைக்கும் தசை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. இரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர, ஸ்டெம் செல்லை முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குப் பயன்படுத்தக் கூடாது. மாரடைப்பு அந்த அங்கீகாரப் பட்டியலில் இல்லை.

ஆகவே யாராவது உங்கள் அப்பாவுக்கோ அக்காவுக்கோ இதயத்துக்கு ஸ்டெம் செல் போடலாம் என்று சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது பதிவுசெய்யப்பட்ட மருத்துவ ஆய்வா, பதிவு எண் என்ன? செல் போடாத ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா? ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் நேர்ப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைக்காதீர்கள். நெஞ்சு வலித்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். இதய மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை, பம்பிங் ஏறிவிட்டாலும்கூட, அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.